மூன்றரை வயதுக்குப் பாட்டு வகுப்பா, பக்கெட் தட்டலா?

ரோஸ்ஹில்_அம்மா · ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் பேச்சு இந்தத் தீவின் பொது மொழியான கிரியோல்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் பள்ளியில் தமிழ் படித்தவள். கணவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் கோவிலில் காதில் விழுந்தது. ஆக, எங்கள் வீட்டில் தமிழ் என்று ஏதாவது உயிரோடு இருந்தால் அது பாட்டில்தான் இருக்கிறது.

பிள்ளை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது, காரில், பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது. இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தேன் (எந்த வகுப்பு என்று சொல்ல மாட்டேன், யாரும் கேட்காதீர்கள்). பன்னிரண்டு பிள்ளைகள். முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இவள் தொடையில் தன்பாட்டுக்குத் தட்டுவாள். "கையை அடக்கு" என்பார்கள். மூன்றாவது வாரம் குளியலறையில் சத்தமே இல்லை. ஏன்டி பாடவில்லை என்றேன். "நான் தப்பா பாடுறேன் அம்மா" என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் ஒரு பிறந்தநாள். ராவான் (இந்தத் தீவின் தோல் பறை) அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள் இல்லையா, அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே இவள் நின்றாள். கேக் வெட்டக்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார்: "தேவாரம் பாட வேண்டிய பிள்ளை சேகா அடிக்குது." (ராவானோடு பாடி ஆடும் இந்த ஊர்ப் பாட்டுதான் சேகா.)

கேள்வி இரண்டு. வகுப்பை நிறுத்தலாமா? ராவான் வாங்கிக் கொடுக்கலாமா?

---

நாலுமணிக்_குரல் · ஞாயிறு, இரவு 10.15

நிறுத்த வேண்டாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. நான் நாலரை வயதில் உட்கார்ந்தேன், அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவார். அழுதேன். இன்று கோவிலில் மைக் இல்லாமல் பாடுகிறேன். பிள்ளை அழுகிறது, முகம் வாடுகிறது என்று விட்டால் எந்த வித்தையும் வராது. பக்கெட்டைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.

---

இரட்டையர்_அப்பா · ஞாயிறு, இரவு 10.50

எங்கள் இரட்டைக் குழந்தைகளுக்குத் தூங்கும்போது மொஸார்ட் போடுகிறோம். மூளை வளருமாம். நீங்களும் போட்டுப் பாருங்கள், சத்தமும் இருக்காது, சண்டையும் இருக்காது.

---

சொற்கட்டு · திங்கள், காலை 6.20

அம்மா, நான் குவாத்ர் போர்னில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன். ஆறு, ஏழு வயதுக்குக் கீழே யாரையும் உட்கார வைப்பதில்லை. இது என் கொள்கை என்று சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்பு சேர்த்துப் பார்த்துத் தோற்றவன், அவ்வளவுதான்.

கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை சின்னப் பிள்ளைக்கு ஏன் கசக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மூன்று வயதுத் தொண்டைக்குச் சிரமமில்லாமல் வருவது ஐந்தாறு சுரம்தான். சரளி வரிசை எட்டையும் கேட்கிறது. எட்டாவதான மேல் ஷட்ஜத்தில் பிள்ளை கத்தும், கீழே வந்தால் உறுமும். அதுவும் மாயாமாளவகௌளை ராகத்தில். இரண்டாவது சுரமான ரிஷபம் முதல் சுரமான ஷட்ஜத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், அங்கிருந்து மூன்றாவதான காந்தாரத்துக்கு ஒரு தாண்டல். பெரியவர்களே அந்த இடத்தில் வழுக்குகிறார்கள். புரந்தரதாசர் வகுத்த பாடமுறை என்று சொல்வார்கள், சரி, வழிவழியாக வந்தது, அதன் அருமை எனக்கும் தெரியும். ஆனால் படிக்க வந்த பிள்ளைக்குத்தான் அது. தொட்டிலை விட்டு இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆன பிள்ளைக்கு இல்லை.

அப்போ என்ன செய்வது? கையும் வாயும். "தகிட" என்று சொல்லி மூன்று தட்டு. "தகதிமி" என்று நான்கு. "தக தகிட" என்று ஐந்து. சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போது செய்யலாம். ஸ்ருதிப்பெட்டி வேண்டாம், பாய் வேண்டாம். சொல்லை நீங்கள் பாதியில் நிறுத்துங்கள், அவள் முடிப்பாள். முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள் பாருங்கள், அதுதான் பாடம்.

தொடையில் தட்டிய கையை அடக்கச் சொன்னார்களா? கர்நாடக சங்கீதத்தில் தாளம் போடுவதே தொடையில்தானே!

---

மதுரை_மருமகள் · திங்கள், காலை 8.05

கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷம். இரட்டையர் அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மொஸார்ட் கதையை நான் தேடிப் படித்திருக்கிறேன். 1993-இல் நேச்சர் பத்திரிகையில் வந்த சின்னக் கட்டுரை அது. கேட்டவர்கள் கைக்குழந்தைகள் இல்லை, கல்லூரி மாணவர்கள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, வடிவங்களை மனசில் திருப்பிப் பார்க்கிற ஒரு வகைக் கணக்கைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதை வைத்து 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சிடி கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார்! மொஸார்ட் நல்ல சங்கீதம், கேளுங்கள். ஆனால் சண்டை நிற்கும் என்று நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2005-இல் கனடாவில் செய்து பார்த்தார்கள். ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எங்கேயும் அழுத்தம் இல்லாத ஒரே மாதிரி தாளத்தை இரண்டு நிமிஷம் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கித் தூக்கி ஆட்டினார்கள், சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறை. அப்புறம் அழுத்தம் போட்ட தாளங்களைக் கேட்க வைத்தால், இரண்டில் ஆடியது இரண்டை விரும்பிக் கேட்டது, மூன்றில் ஆடியது மூன்றை. வெறுமனே உட்கார்ந்து இன்னொருவர் ஆடுவதைப் பார்த்த குழந்தைகளுக்கு அப்படி ஒன்றும் ஒட்டவில்லை. தாளம் உடம்பு வழியாகத்தான் உள்ளே போகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பத்தா இதற்காக ஆய்வுக்கூடமா வைத்திருந்தது? மடியில் போட்டுக்கொண்டு "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" என்று முன்னும் பின்னும் ஆட்டும். வெற்றிலை வாசம் அடிக்கும். எனக்கு இப்போதும் தாளம் என்றால் அந்த வெற்றிலை வாசம்தான்.

---

நாலுமணிக்_குரல் · திங்கள், மதியம் 12.30

ஆராய்ச்சி எல்லாம் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஊரில் பாதிப் பேர் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். ழகரம் லகரமாகிவிட்டது. சின்ன வயதிலேயே ஒழுங்காக உட்கார்ந்து கற்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவும் போய்விடும். இந்த நேரத்தில் பக்கெட் தட்டு, சேகா ஆடு என்றால்?

---

மோக்கா_வாத்தியார் · திங்கள், மாலை 5.10

பிரைமரி பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் பேசுகிறேன். நாலுமணிக் குரல் ஐயா, உங்கள் கவலை என் கவலையும்தான். முப்பது வருஷம் ழகரத்தோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் ஒன்று கவனித்தேன். கரும்பலகையில் எழுதிப் போட்டு வராத ழகரம், "நிலா நிலா ஓடி வா" என்று ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைக்கு வேறு ஏதோ பாட்டில் தானாக வந்து நின்றது. நாக்கு பயப்படாமல் இருந்தால் போதும். தாலாட்டு என்பதில் தால் என்றால் நாக்குத்தான். நாக்கை ஆட்டுவதுதான் தாலாட்டு. மிரட்டுவது இல்லை.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாருங்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையூன்றித் தலையைத் தூக்கி அசைந்தாடுவது. பிறகு தால், தாலாட்டுக் கேட்கிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. அசை, கேள், கைதட்டு. வரிசை எப்படி இருக்கிறது? எந்தப் பருவத்திலும் "உட்கார வை" என்று ஒன்று இல்லை. கடைசி மூன்றில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? சிறுபறை. குழந்தை சின்னப் பறையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் முழக்குவது. அதைக் கேட்டு மகிழ்ந்து புலவர்கள் விருத்தம் விருத்தமாகப் பாடியிருக்கிறார்கள். ஒருவரும் பறையைப் பரணில் போடச் சொல்லவில்லை.

சிறுபறை ஆண்பிள்ளைக்கு, ஊசலும் அம்மானையும் பெண்பிள்ளைக்கு என்று இலக்கணக்காரர்கள் பிரித்துவிட்டார்கள். ரோஸ்ஹில்லில் ஒருத்தி அதை மாற்றிக்கொண்டிருக்கிறாள், மாற்றட்டும்.

"தப்பா பாடுறேன்" என்றாளா? தப்பு என்பதும் ஒரு பறைதான் அம்மா. நன்றாக அடிக்கச் சொல்லுங்கள்.

---

ரோஸ்ஹில்_அம்மா · திங்கள், இரவு 9.00

வாத்தியார் ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

---

கரும்புக்காட்டுப்_பேரன் · திங்கள், இரவு 10.25

நான் தமிழில் மெதுவாகத்தான் எழுதுவேன், தப்பு இருந்தால் (மோக்கா வாத்தியார் சொன்ன தப்பு இல்லை, மற்றது) பொறுத்துக்கொள்ளுங்கள். கோவிலில் காவடி எடுக்கிறவன். சேகாவும் அடிக்கிறவன். இரண்டும் ஒரே கைதான்.

ராவான் பற்றித் தெரியாதவர்களுக்கு: மர வளையத்தில் ஆட்டுத் தோலை இழுத்துக் கட்டியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய பாட்டு சேகா. ரொம்ப நாள் இதை மரியாதையில்லாத சத்தமாகத்தான் பார்த்தார்கள். பிற்பாடு தி ஃப்ரேர் என்கிற கிழவர் (பிறப்பு 1900, இறப்பு 1992) பாடியதைத் தீவே தலையில் வைத்துக் கொண்டாடியது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேகா திப்பிக், அதாவது மரபான சேகா, சேர்ந்தது. அதனால் உங்கள் மாமியாரிடம் சொல்லலாம், பிள்ளை அடிப்பது உலகப் பாரம்பரியம் என்று. எங்கள் பாட்டி அதற்கும் மசிந்திருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

பிள்ளைக்கு ராவானை விட முதலில் மாராவான் கொடுங்கள். கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாக அடுக்கித் தட்டையான பெட்டி மாதிரி செய்து, உள்ளே விதை போட்டுக் குலுக்குவது. எடை கிடையாது. இரண்டு கையிலும் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் போதும், சக்-சக்-சக் என்று மழை மாதிரி வரும். நான் நாலு வயதில் அதைத்தான் ஆட்டினேன். தாத்தா ராவானைத் தொட விடவில்லை, தோல் கிழிந்துவிடும் என்று.

---

சொற்கட்டு · செவ்வாய், காலை 6.05

பேரன் தம்பி, "ஒரே கை" என்று எழுதினாயே, அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் இப்போதே செய்து பாருங்கள். மேசையில் தகிட தகிட, தகிட தகிட என்று தட்டுங்கள், ஒவ்வொரு "த"விலும் கொஞ்சம் அழுத்தி. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள். என்ன வருகிறது? சேகா! மேற்கத்தியர் ஆறு-எட்டு என்று எழுதுவார்கள், மூன்று மூன்றாக எண்ணும் இதை நாம் திஸ்ரம் என்கிறோம். இப்போது அதே தட்டலை நிறுத்தாமல் ஒரு கும்மிப் பாட்டைப் பாடுங்கள். உட்காருகிறதா? காவடிச்சிந்தைப் பாடிப் பாருங்கள். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடிய சிந்து இந்த மூன்றில்தான் துள்ளுகிறது. காவடியைத் தோளில் வைத்தவனின் கால் மூன்றில்தான் எழும்பும்.

இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சேகாவின் அசைவு தனி. ராவானில் கை விழுகிற இடமும் அழுத்தமும் மிருதங்கத்தில் கிடையாது. ஆனால் பக்கெட்டில் மூன்றைப் பிடித்த பிள்ளைக்குக் கும்மியும் சிந்தும் பாதிக்கு மேல் வந்தாயிற்று. மாமியாரைப் பாடச் சொல்லுங்கள், பிள்ளை தட்டட்டும்.

மருமகள் அம்மா சொன்ன 2005-ஆம் ஆண்டிலேயே வந்த இன்னொரு ஆய்வு உண்டு. ஆறு மாத வட அமெரிக்கக் குழந்தைகள் பால்கன் நாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் நடந்த பிசகைக்கூடக் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதம் ஆனபோது தன் வீட்டில் கேட்ட தாளத்தில் மட்டும்தான் பிசகு தெரிந்தது. கொஞ்ச நாள் கேட்க வைத்தால் திரும்பி வந்துவிட்டது, பெரியவர்களுக்கு அப்படி வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த வயதில் காதில் எல்லாத் தாளமும் விழட்டும். நம்முடையது, அவர்களுடையது என்று அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.

---

காது_பார்க்கிறவள் · செவ்வாய், மாலை 6.45

நான் செவித்திறன் சோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு குறுக்கீடு. பக்கெட் காதைக் கெடுக்காது, பயப்படாதீர்கள். எனக்குப் பயமெல்லாம் ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும்தான். உலக சுகாதார நிறுவனமும் ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வைத்த அளவு: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 75-இல் 40 மணி என்றால் 78-இல் 20 மணிதான்.

காவடி வருகிறது. ஊர்வலத்தில் லாரி மேல் கட்டும் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். பத்தடி தள்ளி நில்லுங்கள், அல்லது காதுக்கு மேல் மாட்டும் மஃப் வாங்குங்கள். பஞ்சு வைப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

---

இரட்டையர்_அப்பா · செவ்வாய், இரவு 8.30

மொஸார்ட்டை நிறுத்திவிட்டு நேற்று நானே பாடினேன். ஒருவன் அழுதான். இன்னொருவன் "பாப்பா, ஸ்டாப்" என்றான். தொடரவா?

---

மதுரை_மருமகள் · செவ்வாய், இரவு 8.41

தொடருங்கள். 1980-இலேயே செய்து பார்த்திருக்கிறார்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேறு பெண்ணின் குரலை விட அம்மாவின் குரலைக் கேட்பதற்காகத்தான் ரப்பரைச் சப்பின (சப்புகிற விதத்துக்கு ஏற்பக் குரல் மாறும்படி வைத்திருந்தார்கள்). பிற்பாடு செய்த இன்னொரு ஆய்வில் அப்பாவின் குரலுக்கு அவ்வளவு அவசரம் காட்டவில்லையாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

---

ரோஸ்ஹில்_அம்மா · அடுத்த ஞாயிறு, மாலை 4.15

ஒரு வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை. ஆசிரியரிடம் சண்டை போடவில்லை, பிள்ளைக்கு இன்னும் வயதாகட்டும் என்றேன், அவரும் சரி என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பன்னிரண்டு வாண்டுகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

புதன்கிழமை இரண்டாம் எண் சைக்லோன் எச்சரிக்கை கொடுத்தார்கள், பள்ளிகள் மூடியாயிற்று. சாயங்காலம் கரண்ட்டும் போனது. டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ஜன்னல் கதவுகள் தடதடக்கின்றன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளை பயந்து என் மடியில். நான் தகிட தகிட என்று அவள் முதுகில் தட்ட ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பக்கெட் வேண்டும் என்றாள். இருட்டில் தடவிக் கொண்டுவந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். மாமியார் மூலையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. திடீரென்று ஒரு பாட்டு எடுத்தார். நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் கேட்டதே இல்லை. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரும்பு எஸ்டேட் லைனில் பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கைதட்டிப் பாடுவார்களாம். சொற்களில் பாதி அவருக்கே புரியாது. ழகரம் எல்லாம் லகரம்தான், நாலுமணிக் குரல் ஐயா மன்னிக்க வேண்டும். ஆனால் மூன்றில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. பிள்ளை அடிக்க அடிக்க அவர் இடையிடையே "விரசா, விரசா" என்கிறார். மூன்று தடவை பாடினார். மூன்றாவது தடவை பிள்ளையும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குளியலறையில் சத்தம். அதே கடைசிச் சொல், திரும்பத் திரும்ப. சரியா, தப்பா என்று நான் கேட்கப் போகவில்லை. கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன்.

இன்று இன்னொரு வேடிக்கை. பிஸ்கட் டப்பா மூடியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டு வெயிலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னடி பண்ணுகிறாய் என்றால், "சூடு பண்றேன். அப்பதான் நல்லா பேசும்" என்கிறாள். கடற்கரையில் நெருப்பில் காட்டியதைப் பார்த்தாள் இல்லையா!

ஆகவே இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி. இவளுக்கு எந்த அளவு ராவான் வாங்குவது?

---

நாலுமணிக்_குரல் · ஞாயிறு, மாலை 5.50

உங்கள் மாமியார் பாட்டின் சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் என்றாலும் சரி. முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். நான் கேட்க வேண்டும்.

வகுப்பைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஏழு வயதில் அனுப்புங்கள்.

---

சொற்கட்டு · ஞாயிறு, மாலை 6.10

ஐயா நாலரையிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டார். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

---

கரும்புக்காட்டுப்_பேரன் · ஞாயிறு, இரவு 8.20

அக்கா, பெரியவர்கள் அடிக்கும் ராவான் அரை மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கும், அவளால் தூக்க முடியாது. முப்பது சென்டிமீட்டர் வளையம் பாருங்கள். உட்கார்ந்து ஒரு தொடையில் நிறுத்தி வைத்து, மேல் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொள்ளட்டும். இந்த மழைக்காலத்தில் ஆட்டுத் தோல் ஈரம் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் நெருப்பு மூட்ட வேண்டும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம், பிளாஸ்டிக் தோல் போட்டது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சத்தம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஆனால் காய்ச்ச வேண்டியதில்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. கடைக்காரர் பிளாஸ்டிக் என்று சொன்னாலும் அவள் அதை வெயிலில்தான் வைப்பாள். வைக்கட்டும். தகர மூடியை மட்டும் வாங்கி உள்ளே வையுங்கள், நம் ஊர் மத்தியான வெயிலுக்குக் கை பொத்துவிடும்.